காய்க்குத் திறந்த கதவு

(கல்லூரி மாணவர்களுக்கான ஒருநாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நிகழ்ச்சித் தாளில் என் பேருக்கு நேரா ‘பூசணி, பரங்கி, சுரை’ன்னு போட்டிருக்கிறதைப் பார்த்துச் சில பேர் சிரிச்சீங்க. காலையிலிருந்து நிலம், இடஒதுக்கீடு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நடுவுல காய்கறிக் கடை எதுக்குன்னு கேக்கலாம். கேக்க வேண்டிய கேள்விதான். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னு சொல்லுவாங்க இல்லையா, சாதியை இந்தச் சமூகம் அப்படித்தான் மறைத்து வைத்திருக்கிறது. பந்தியில், வாசலில், பாத்திரத்தில், பண்டிகையில் மறைத்து வைத்திருக்கிறது. அந்தச் சோத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கத்தான் நான் வந்திருக்கேன்.

முதல்ல பேர்களைத் தெளிவு பண்ணிக்குவோம். பூசணி, பரங்கி, சுரை, பீர்க்கு, புடல், பாகல், கோவை, வெள்ளரி எல்லாம் தாவர இயலில் ஒரே குடும்பம். கொடியாகப் படரும். ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெரும்பாலும் ஒரே கொடியில் இரண்டும் இருக்கும். வெளியே சாம்பல் பூசின மாதிரி, உள்ளே வெள்ளையா இருக்கிறது பூசணி. நீற்றுப்பூசணி, கல்யாணப் பூசணி என்றும் பேர் உண்டு. நெல்லை, குமரிப் பக்கம் தடியங்காய். உள்ளே மஞ்சளா, இனிப்பா இருக்கிறது பரங்கி. எங்க வட மாவட்டங்களிலும் தஞ்சையிலும் பரங்கின்னுதான் சொல்லுவோம். மதுரைப் பக்கம் அதுவே சர்க்கரைப் பூசணி. கொங்கு நாட்டில் அரசாணிக்காய். ஊருக்கு ஊர் பேர் மாறுறதால ‘பூசணிப்பூ’ன்னு ஒருத்தர் சொன்னா எந்தக் கொடியோட பூன்னு கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்.

இதில் பரங்கியின் கதைதான் இன்றைக்கு முக்கியம். பேரே சொல்லுது பாருங்க. பரங்கியர் என்றால் ஐரோப்பியர். அவர்கள் கொண்டுவந்த காய் பரங்கிக்காய். ஆனால் அவர்கள் நாட்டிலும் அது விளைந்ததல்ல. அமெரிக்கக் கண்டத்துப் பூர்வகுடி மக்களின் பயிர் அது. பரங்கிக்கு நெருங்கிய உறவான ஒரு பூசணி வகையின் விதைகள் மெக்சிகோவின் வஹாக்கா பகுதியில் ஒரு குகையில் கிடைத்தன. சுமார் 10,000 ஆண்டுப் பழமை உடையவை என்று 1997 இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அங்கே மக்காச்சோளத்தையும் அவரை இனப் பயிரையும் பூசணியையும் ஒரே கொல்லையில் சேர்த்து விதைப்பார்கள். சோளத் தட்டையில் அவரை ஏறும், தரையில் பூசணி படர்ந்து களையை அடக்கும். 1492 இல் கொலம்பஸ் போய் இறங்கினான். அதற்குப் பிறகு அந்த மக்களுக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆளைக் கொன்று, நிலத்தைப் பிடுங்கி, விதையை மட்டும் பத்திரமாகக் கப்பலில் ஏற்றினார்கள். 1498 இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தான். மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி, கொய்யா, பப்பாளி என்று ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் வந்தது அதற்குப் பிறகுதான். பரங்கியும் அந்த வழியாகத்தான் வந்தது.

ஆக, பரங்கி இந்த மண்ணுக்கு வந்து 500 ஆண்டு ஆகியிருந்தால் அதிகம். இன்றைக்கு அது எங்கே உட்கார்ந்திருக்குன்னு பாருங்க. பொங்கலன்னைக்கு வைக்கிற குழம்புல பரங்கி இல்லாம இருக்காது. சூரியனுக்குப் படைக்கிற காய்களில் அது இருக்கு. மார்கழி மாசம் கோலத்து நடுவுல சாணி உருண்டையில் சொருகி வைக்கிறது பல ஊர்ல பரங்கிப்பூதான். ‘ஆதிகாலத்துப் பாரம்பரியம்’ என்று அதைப் படம் பிடித்துப் போடுகிறார்கள். கடல் தாண்டி, மிலேச்சன் என்று இவர்களே வைத கூட்டத்தின் கப்பலில் வந்த காய் அது. நீ எந்த ஊரு, எந்தத் தெருன்னு அதை யாரும் கேக்கல. அது நடுவீட்டுக்கும் பூசை அறைக்கும் போக ஆலயப் பிரவேசச் சட்டம் எதுவும் தேவைப்படல.

நமக்கு என்ன ஆச்சு? மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம் ஆட்கள் கால் வைத்தது 1939 ஜூலை 8 இல். மாகாணம் முழுமைக்கும் சட்டம் வந்தது 1947 இல். சட்டம் வந்து 75 வருஷம் கழித்து, 2023 ஜனவரியில், திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் நம் மக்கள் மாரியம்மன் கோயிலுக்குள் போக மாவட்ட நிர்வாகமும் போலீசும் கூடவே வர வேண்டியிருந்தது. கதவு திறக்கத் தெரியாத சமூகம் இது இல்லை. காய்க்குத் திறந்திருக்கு. அந்தக் காய்க்குக் குழி வெட்டி, விதை ஊன்றி, எரு போட்டுத் தண்ணீர் ஊற்றின கைக்குத்தான் திறக்கல. பழக்கம், மரபு, காலம் காலமா இருந்து வர்றது என்று எவனாவது சொன்னால் நீங்க இந்தப் பரங்கிக்காயைத் தூக்கிக் காட்டுங்க.

கோலத்துல வைக்கிற பூவைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். பறிக்கிறது ஆண் பூ. பெண் பூவுக்கு அடியில் குட்டியாகப் பிஞ்சு இருக்கும், அதைப் பறித்தால் காய் போச்சு. இந்தப் பூ விடியலில் விரிந்து, வெயில் ஏறினால் சுருங்கிவிடும். அதனால் இருட்டோடு பறிக்க வேண்டும். சின்ன வயசுல நானும் என் தங்கச்சியும் பறிச்சிருக்கோம். பனியில் நனைந்த இலையில் சுணை இருக்கும், கையெல்லாம் அரிக்கும். சாணி பொறுக்கி உருண்டை பிடிச்சது எங்க ஆயா. ஊர்த்தெருவில் ஒரு வீட்டுக்குக் கொண்டு போவோம். கையில வாங்க மாட்டாங்க. வாசலுக்கு ஓரமா தரையில வைக்கச் சொல்லுவாங்க. நாங்க நாலடி பின்னால போன பிறகு அந்தம்மா பூ மேல தண்ணி தெளிச்சு எடுத்துக்கும். எங்க கை பட்ட சாணிக்குத் தண்ணி தெளிக்கல, சாணி சுத்தம். எங்க கை பட்ட பூவுக்குத் தெளிக்கணும். எந்தச் சாத்திரத்தில் இந்தக் கணக்கு இருக்குன்னு அப்ப எனக்குக் கேக்கத் தெரியல. ஆயா கேட்டா. வீட்டுக்கு வந்து, ‘மண்ணுல மொளைச்ச பூவுக்கு ஏதுடி தீட்டு? அவ கண்ணுலதான் தீட்டு இருக்குது’ன்னா. மார்கழி பூராவும் பூ கொடுத்ததுக்குக் கூலி பழைய சோறு.

எங்க வீட்ல பரங்கி எங்க விளைஞ்சுது? கூரையில. நிலம் இல்லாதவன் என்ன பண்ணுவான்? பாத்திரம் கழுவுற தண்ணி ஓடுற இடத்துல ஒரு குழி. அடுப்புச் சாம்பல், கொஞ்சம் எரு. ஆடி மாசம் நாலு விதை. கொடி எழும்பினதும் ஒரு குச்சியைச் சாத்திக் கூரை மேல ஏத்தி விடுறது. ‘ஊர்க்காரனுக்கு நெலம் கீழ இருக்கு, நமக்கு மேல இருக்கு’ன்னு ஆயா சொல்லும். சேரியில் எந்தக் குடிசையைப் பார்த்தாலும் ஒரு சுரையோ பரங்கியோ பூசணியோ கூரையில் கிடக்கும். இலையைக் கீரையாகக் கடைவோம். பூவைப் பொரிப்போம். பிஞ்சில் கூட்டு. பீர்க்கங்காய்த் தோலில் துவையல். முற்றிய பீர்க்கில் நார் எடுத்து உடம்பு தேய்த்துக் குளிப்போம். நன்றாக முற்றின பரங்கியும் பூசணியும் காம்போடு அறுத்து வைத்தால் மாதக் கணக்கில் கெடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை கிடைக்காத நாளுக்கு அதுதான் எங்க கையிருப்பு.

அரிசி இல்லாத நாளிலும் எங்க குழந்தைகளுக்குக் கண் பார்வை இருந்ததுக்கு இந்தக் கீரைக்கும் பரங்கிக்கும் பங்கு உண்டு. பரங்கியின் மஞ்சள் நிறம் கரோட்டின் என்ற சத்திலிருந்து வருவது. உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. அது குறைந்தால் மாலைக்கண் வரும். வெள்ளைப் பூசணியில் நூற்றுக்கு 96 பங்கு தண்ணீர். விடுதியில் தங்கிப் படிக்கிறவங்க இங்கே நிறையப் பேர் இருக்கீங்க. நான் இருந்த விடுதியிலும் சாம்பாரில் தினமும் வெள்ளைப் பூசணிதான் மிதக்கும். தண்ணியில தண்ணியைப் போட்டுக் காய்ச்சினா என்ன சத்து வரும்? விடுதி உணவுக் குழுவில் உட்காரும்போது வாரத்தில் இரண்டு நாள் மஞ்சள் பரங்கி போடச் சொல்லிக் கேளுங்க. சின்னக் கோரிக்கைன்னு நினைக்காதீங்க.

கூரையில் கொடி ஏறியது ரசிக்கத்தக்க காட்சி என்று கவிஞர்கள் எழுதலாம். அது ஏன் கூரையில் ஏறியது என்பதுதான் நம்முடைய கேள்வி. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி 1891 இல் அறிக்கை கொடுத்தார். 1892 இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று ஒதுக்கினார்கள். அந்த நிலம் யார் கையில் இருக்கு? அதைக் கேட்டுத்தான் 1994 இல் காரணையில் மக்கள் திரண்டார்கள். அக்டோபர் 10 இல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்று இரண்டு தோழர்களைப் பறிகொடுத்தோம். கீழே நிலம் கேட்டால் குண்டு. சரி, மேலே கூரையாவது மிஞ்சுகிறதா? 1968 டிசம்பர் 25 இல் கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை எரித்தார்கள். 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துக் காலனிகளிலும் வீடுகளைக் கொளுத்தினார்கள். சேரியில் நெருப்பு வைக்கிறவன் வீட்டோடு சேர்த்து எங்க தோட்டத்தையும், விதையையும், மழைக்காலச் சோத்தையும் எரிக்கிறான். நஷ்ட ஈட்டுப் பட்டியலில் டிவி வரும், பீரோ வரும். கூரையில் காய்த்துக் கிடந்த பரங்கியை எந்தத் தாசில்தாரும் எழுதிக்கொள்வதில்லை.

இனி சுரைக்காய். இது ஆப்பிரிக்காவில் தோன்றியது. மண்பானை செய்யத் தெரிவதற்கு முன்பே மனிதனுக்குக் கிடைத்த பாத்திரம். முற்றிக் காய்ந்த சுரையின் உள்ளே சுரண்டி எடுத்தால் குடுக்கை. தண்ணி கொண்டு போகலாம், விதை கட்டி வைக்கலாம், முதுகில் கட்டி நீச்சல் பழகலாம். நம்ம கிராமத்துல எல்லாம் செஞ்சதுதான். இந்தக் குடுக்கை மனுநூலிலும் வருது. ஆறாவது அத்தியாயத்தில் சந்நியாசிக்கு ஏற்ற பாத்திரங்களில் ஒன்றாகச் சுரைக்குடுக்கையைச் சொல்கிறது. அதே நூல் பத்தாவது அத்தியாயத்தில், சண்டாளர் ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும், உடைந்த பாத்திரத்தில் சாப்பிட வேண்டும் என்கிறது. ஒருவனுக்குக் குடுக்கை துறவின் அடையாளம், இன்னொருவனுக்கு ஓட்டைச் சட்டி தண்டனை. டீக்கடையில் நமக்கு நீட்டின கொட்டாங்கச்சியும் தனிக் குவளையும் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் இந்த இடத்துக்கு வந்து சேரலாம். 1927 டிசம்பர் 25 இல் மகாத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் முன்னின்று அந்த நூலைக் கொளுத்தினாரே, அது வெறும் காகிதத்தை எரித்தது இல்லை தோழர்களே.

சுரைக்குடுக்கை வாத்தியமாகவும் ஆகும். மகாராஷ்டிராவில் மிரஜ் என்ற ஊரில் சித்தார், தம்புரா செய்கிறார்கள். பண்டரிபுரம் வட்டாரத்தில் விளைகிற பெரிய சுரைக்காய்தான் அதன் குடம். கச்சேரி மேடையில் அந்தக் காய்க்குத் தெய்வீக நாதம் என்று பேர். தெலங்கானாவில் டக்கலி என்ற தலித் சமூகத்தார் கின்னெரா வாசிக்கிறார்கள். மூங்கில் தண்டு, நரம்பு, அடியில் சுரைக்குடுக்கைகள். அதுவும் அதே சுரைக்காய்தான். 12 மெட்டுக் கின்னெரா வாசிக்கிற தர்சனம் மொகிலையாவுக்கு 2022 இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2024 இல் அவர் ஐதராபாத் பக்கம் கட்டட வேலையில் தினக்கூலியாக நிற்கிற காட்சியை நாடே பார்த்தது. குடுக்கை ஒன்றுதான். கை மாறினால் மரியாதையும் மாறுது.

இது நம்ம நாட்டோடு நிற்கிற கதையும் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு போகப்பட்ட கறுப்பின மக்கள் கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி நரம்பு கட்டி ஒரு வாத்தியம் செய்தார்கள். பாஞ்சோவின் தொடக்கம் அது. சூரினாமில் 18ஆம் நூற்றாண்டில் கிடைத்த ஒன்று நெதர்லாந்து அருங்காட்சியகத்தில் இன்னும் இருக்கிறது. 1840 களில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு மேடையேறி, கறுப்பர்களைக் கேலி செய்து அதே பாஞ்சோவை வாசித்தார்கள். கொஞ்ச காலத்தில் அது வெள்ளைக்காரக் கிராமிய இசையாகவே ஆகிவிட்டது. நம்ம பறைக்கு இன்றைக்கு நடப்பதை நினைத்துப் பாருங்க. எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் எது என்று தெரியும்.

கடைசியாக, திருஷ்டிப் பூசணி. புது வீடு கட்டினால், கடை திறந்தால், வாசலில் ஒரு வெள்ளைப் பூசணியில் முகம் எழுதித் தொங்கவிடுகிறார்கள். அந்த முகத்தை நின்னு பாத்திருக்கீங்களா? கரிய முகம், உருட்டி விழிக்கிற கண், முறுக்கு மீசை, வெளியே தள்ளின நாக்கு. அரக்கன். இந்த நாட்டுப் புராணத்தில் அரக்கன் என்று யாரைச் சொன்னார்கள் என்று நான் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளே விடாத முகத்தை வாசலில் காவலுக்குக் கட்டி வைக்கிறார்கள். காய் அழுகினால் அவிழ்த்துப் போட்டுவிட்டு வேற ஒண்ணு கட்டுவாங்க.

ஆயுத பூசைக்கு அதே பூசணியில் ஓட்டை போட்டுக் குங்குமம் கொட்டி, காசு போட்டு, சுற்றி, நடுரோட்டில் உடைக்கிறார்கள். குங்குமம் ரத்தத்துக்குப் பதில். பூசணி பலிக்குப் பதில். பலி யாராக இருந்தது? கோட்டை நிற்க, ஏரிக்கரை உடையாமல் இருக்க ஆளைப் பலி கொடுத்த கதைகள் நாடு முழுக்க இருக்கு. ஜோத்பூரில் 1459 இல் மெஹ்ரான்கர் கோட்டை கட்டியபோது மேகவால் என்ற தீண்டப்படாத சாதியைச் சேர்ந்த ராஜாராம் அடித்தளத்தில் உயிரோடு புதைக்கப்பட்டதாக அங்கே சொல்கிறார்கள். அவர் பேரில் கோட்டையில் நினைவுக்கல்லும் இருக்கிறது. இன்றைக்கு ஆளுக்குப் பதில் காய் வந்தது முன்னேற்றம்தான், மறுக்கல. ஆனால் காய் உடைந்த மறுநாள் காலையில் என்ன நடக்குது? சென்னைத் தெருவெல்லாம் பூசணிச் சதை. வண்டி வழுக்கி விழுகிறவர்கள் உண்டு. ரோட்டில் உடைக்காதீர்கள் என்று போலீசும் மாநகராட்சியும் வேண்டுகோள் விடுப்பது வழக்கம். கேட்கிறவர் யார்? இடுப்பொடியக் குனிந்து வாருகிறவர்கள் பெரும்பாலும் அருந்ததியர், ஆதிதிராவிடர் பெண்கள். உங்க கண்திருஷ்டியை, நீங்களே சுத்திப் போட்ட கெட்டதை, வெறுங்கையால் அள்ளுகிறவள் எங்க அம்மா. அப்ப அந்தக் கெட்டது யார் மேல போய்ச் சேரணும்னு நினைக்கிறீங்க? அந்தப் பெண்கள்தான் 2025 ஆகஸ்டில் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் கட்டடத்துக்கு முன்னால் 13 நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் போலீசை வைத்து அப்புறப்படுத்தினார்கள். பூசணியை அள்ளுகிற கை தேவை, அந்தக் கை முஷ்டி மடக்கினால் பொறுக்காது.

சரி, என்ன செய்யலாம்? பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. இரண்டு வேலை சொல்கிறேன். வர்ற ஆயுத பூசைக்கு முன்னால் உங்க கல்லூரி இருக்கிற தெருவில், கடைக்காரர்களிடம், ஆட்டோ ஸ்டாண்டில் போய்ப் பேசுங்க. ‘உடைச்சா நீயே வாரு’ என்று ஒரு துண்டறிக்கை போதும்.

இரண்டாவது, விதை. பரங்கியில் கோ 1, கோ 2 என்று கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்கள் இருக்கு. கோ 1 காய் ஏழெட்டுக் கிலோ வரும், கோ 2 இரண்டு கிலோவுக்குள் நிற்கும். இவற்றிலும் நம் ஊர் நாட்டு ரகங்களிலும் விதை எடுத்துத் திரும்ப விதைக்கலாம். கம்பெனி வீரிய ஒட்டு விதையில் அது நடக்காது. அடுத்த முறை காய் மாறிப்போகும், வருஷா வருஷம் கடைக்குப் போகணும். ரகம் கலக்காமல் இருக்க ஒரு வழி உண்டு. மறுநாள் விரியப் போகிற ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் முந்தின சாயங்காலமே நூலால் கட்டி வையுங்க. காலையில் அவிழ்த்து ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் தடவித் திரும்பக் கட்டுங்க. அந்தக் காயை முற்ற விட்டு விதை எடுத்துச் சாம்பல் தடவிக் காய வையுங்க. சுரையில் மட்டும் ஒரு கவனம். சமைக்கும் முன் ஒரு துண்டு நாக்கில் வைத்துப் பாருங்க. கசந்தால் தூக்கிப் போடுங்க. வேக வைத்தாலும் அந்த நஞ்சு போகாது, ஆளைக் கொல்லும். அதிலிருந்து விதையும் எடுக்காதீங்க.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று படிக்கிற பிள்ளைகளைப் பார்த்துக் கேலி பேசுவார்கள். அதை நம்பாதீங்க. ஏடு அவர்களிடமே இருந்த காலத்தில் சுரைக்காய் நம்மிடம் இருந்தது. விதைத்தோம், சுமந்தோம், வாசலில் வைத்துவிட்டு நாலடி பின்னால் நின்றோம். இப்போது ஏடும் நம் கைக்கு வந்திருக்கிறது. கொடி எதற்காகக் கூரையில் ஏறியது என்று அதில் எழுதுங்க. அது படர நிலம் கேளுங்க. போகும்போது அந்த மேசை மேல ஆயா வீட்டுப் பரங்கி விதை பொட்டலம் கட்டி வெச்சிருக்கேன், ஆளுக்கு நாலு எடுத்துக்குங்க.

ஜெய் பீம்.